ஆறு குழல் துப்பாக்கியும் ராமநாதபுரத்து மீனவரும்



டிசம்பர் 4 கடற்படை நாளன்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு காணொளி வந்தது. போர்க்கப்பல் ஒன்றின் ஓரத்தில் உருண்டையாக ஒரு கூண்டு. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டையான குழல். இரண்டு நொடி சுடுகிறது. 'டப் டப்' என்று தனித்தனியாகக் கேட்கவில்லை, புதுத் துணியைச் சர்ரென்று கிழித்தது போல ஒரே சத்தம். அதன் கீழே ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "சார், ராக்கெட்டே வர காலத்துல இந்தத் துப்பாக்கி எதுக்கு சார்?"

நான்கு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆகிவிட்டது. வகுப்பிலும் அப்படித்தான், மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தர்மபுரிக்காரர்களான நமக்குக் கடல் தூரம். தண்ணீர் என்றால் ஒகேனக்கல், வாகனம் என்றால் பரிசல். ஆனால் இந்தக் கதையின் முடிவு ராமநாதபுரம் கடற்கரையிலும் திருச்சியிலும் இருக்கிறது. அதனால் நம் கதைதான்.

முதலில் 1967. அக்டோபர் 21 அன்று போர்ட் சயீத் துறைமுகத்துக்கு அருகே இஸ்ரேலின் எய்லாத் என்ற நாசகாரிக் கப்பல் ரோந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் கட்டிய பெரிய கப்பல். எகிப்தின் சிறு படகுகள் துறைமுகத்துக்குள் இருந்தபடியே ஏவுகணைகளை விட்டன. சோவியத் நாடு செய்த பி-15 ஏவுகணை, மேற்கு நாட்டுக்காரர்கள் வைத்த பெயர் ஸ்டைக்ஸ். எய்லாத் மூழ்கியது, 47 பேர் இறந்தார்கள். கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணையால் ஒரு போர்க்கப்பல் மூழ்கியது அதுதான் முதல் தடவை. யானையைக் கட்டெறும்பு கடித்துக் கொன்றது போல உலகத்துக் கடற்படைகள் எல்லாம் அதிர்ந்துபோயின.

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே ஏவுகணையைச் சுமக்கும் 8 படகுகளை சோவியத் நாட்டிலிருந்து வாங்கினோம். 1971 டிசம்பர் 4 இரவு நிபட், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகள், கில்டன், கட்சால் என்ற இரண்டு கப்பல்கள் துணையோடு கராச்சியை நோக்கிப் போயின. நாம் கடற்படை நாள் கொண்டாடுவது அந்த இரவை வைத்துத்தான். வெற்றிக் கதையைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று எதிர்ப்பக்கத்துக் கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரி கராச்சிக்கு வெளியே காவல் சுற்றிக்கொண்டிருந்தது. இரவு பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். வானத்தில் பிரகாசமான ஒரு வெளிச்சம் கப்பலை நோக்கி வருவதைப் பார்த்தார்கள். விமானம் என்று நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை, அதுவரை வானத்திலிருந்து வந்த ஆபத்தெல்லாம் விமானம்தானே? உடனே போஃபர்ஸ் பீரங்கிகளால் சுடத் தொடங்கினார்கள். (இது 40 மில்லிமீட்டர் பழைய விமான எதிர்ப்புப் பீரங்கி. பின்னாளில் நம் நாட்டு அரசியலில் அடிபட்ட போஃபர்ஸ் வேறு, கம்பெனி மட்டும் ஒன்று.) ஒன்றும் ஆகவில்லை. நிர்காட் ஏவிய அந்த ஏவுகணை கப்பலின் வலப்பக்கத்தில் மோதி வெடித்தது. கப்பல் இருளில் மூழ்கிய நிலையிலும், எதிரி விமானம் தாக்கிவிட்டது என்றுதான் கரைக்குச் செய்தி அனுப்பினார்கள். அவசரத்தில் கொடுத்த இடக்குறிப்பும் தவறு. சில நிமிடங்களில் இரண்டாவது ஏவுகணையும் வந்தது. கப்பலோடு 200க்கும் மேற்பட்ட மாலுமிகள் போனார்கள். தப்பிக் கடலில் குதித்தவர்களைத் தேடிப் போவதற்கும் அந்த இடக்குறிப்புத் தவறால் தாமதமானது.

எதிரி நாடுதான். இருந்தாலும் என்ன வந்து மோதியது என்றே தெரியாமல் செத்துப்போன அந்த 200 பேரை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, கராச்சிக்காரர்கள் பயத்தின் உச்சத்தில் இருந்தார்கள். இந்திய ஏவுகணைப் படகு ஒன்று வந்திருப்பதாகத் தகவல் போனது. பாகிஸ்தான் விமானங்கள் பறந்து வந்து அதைச் சுட்டுத் தள்ளின. கடைசியில் பார்த்தால் அது அவர்கள் சொந்தக் கப்பல் சுல்பிகார்! சொந்த மாலுமிகளையே சொந்த விமானம் சுட்டது. கைபரில் ஏவுகணையை விமானம் என்று நினைத்தார்கள். சுல்பிகாரில் தன் கப்பலை எதிரிப் படகு என்று நினைத்தார்கள். இந்த இரண்டு தவறையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதே இரண்டு தவறுதான், கப்பலும் நாடும் மட்டும் மாறும்.

இப்போது அந்த மாணவரின் கேள்வி. நான் வரலாறு நடத்தியவன், இயற்பியல் ஆசிரியர் அளவுக்கு விளக்க வராது. தெரிந்த அளவு சொல்கிறேன்.

பி-15 ஏவுகணை நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் வரும். பின்னால் வந்த ஏவுகணைகள் அதே வேகத்தில் கடல்மட்டத்தை ஒட்டி, அலைக்குச் சில மீட்டர் உயரத்தில் பறந்தன. உலகம் உருண்டை என்பதால் அப்படித் தாழப் பறப்பது சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்த பிறகுதான் கப்பலின் ரேடாருக்குத் தலைகாட்டும். அங்கிருந்து கப்பலுக்கு வந்து சேர ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. கப்பலிலிருந்து விடும் எதிர் ஏவுகணைகள் அதில் சிலவற்றை வீழ்த்தலாம். அதையும் தாண்டி ஒன்று வந்துவிட்டால்? கடைசி இரண்டு கிலோமீட்டரில் மிச்சமிருப்பது ஆறேழு நொடி. அந்த ஆறேழு நொடிக்காகச் செய்த ஆயுதம்தான் நீங்கள் காணொளியில் பார்த்தது. வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர், கேட்டு, நாய் எல்லாம் இருந்தாலும், கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் உலக்கை மாதிரி.

உலக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீடுகளில் ஒரே உரலில் மூன்று பெண்கள் நின்று மாறி மாறி உலக்கை போடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி தூக்கும்போது இன்னொருத்தி இறக்குவாள். தனியாள் குத்தினால் கை ஓய்ந்துவிடும். அந்தத் துப்பாக்கியின் ஆறு குழல்களும் அதே முறைதான். ஒரே குழலில் அவ்வளவு வேகமாகச் சுட்டால் இரும்பு காய்ந்து பழுதாகிவிடும். ஆறு குழல் சுழன்றுகொண்டே முறைபோட்டுச் சுடும்போது ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. 1862இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் காட்லிங் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது கைப்பிடியைச் சுற்றிச் சுட வேண்டும். ஒருவரே நூறு பேர் வேலையைச் செய்தால் படைகள் சிறிதாகும், சாகிறவர்களும் குறைவார்கள் என்று அவர் நம்பினாராம். என்ன சொல்ல! இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கர்கள் அந்தப் பழைய துப்பாக்கியில் மின்மோட்டாரைப் பூட்டிப் பார்த்து, அதிலிருந்து புதியதை உருவாக்கினார்கள்.

சோவியத் நாடு செய்தது ஏகே-630. ஆறு குழல், 30 மில்லிமீட்டர் குண்டு, அதனால் 630. 1976இல் அவர்கள் கடற்படையில் முறையாகச் சேர்ந்தது. நிமிடத்துக்கு 5,000 குண்டு வரை சுடும், அதாவது நொடிக்கு 80க்கு மேல். குண்டுப் பெட்டியில் இருப்பது 2,000. கணக்குப் போட்டுப் பாருங்கள், விடாமல் சுட்டால் அரை நிமிடம்கூட வராது. கராச்சிக்குப் போன படகுகளில் இருந்தது இதற்கு முந்தைய இரட்டைக் குழல் ஏகே-230. நம் சென்னை பேர் தாங்கிய ஐ.என்.எஸ். சென்னை 2016 நவம்பர் 21 அன்று கடற்படையில் சேர்ந்ததே, அதில் ஏகே-630 நான்கு இருக்கின்றன. அமெரிக்கர்கள் செய்தது ஃபேலங்ஸ், 20 மில்லிமீட்டர், 1980 முதல் அவர்கள் கப்பல்களில் இருக்கிறது. வெள்ளைப் பானையைக் கவிழ்த்தது போலத் தலையில் ரேடாரை வைத்துக்கொண்டு நிற்கும்.

குண்டு மழையைவிட எனக்கு வியப்பாக இருப்பது குறி வைப்பதுதான். ஓடுகிற முயலைக் கல்லால் அடிப்பவன் முயலைப் பார்த்து எறிய மாட்டான், அது போகப்போகும் இடத்தைப் பார்த்து எறிவான். இங்கே குண்டு இரண்டு கிலோமீட்டர் போய்ச்சேர இரண்டு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஏவுகணை அறுநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். இதில் கப்பல் வேறு ஆடிக்கொண்டிருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசலில் எழுந்து நின்று கரையில் இருக்கும் பாறையைக் கல்லால் அடிக்கப் பார்த்த பையன்கள் (பெயர் சொல்லவில்லை, சுற்றுலாவில் என்னிடம் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும்) அந்தக் கஷ்டத்தை உடனே புரிந்துகொள்வார்கள். அதனால் ஆட்டத்தைச் சரிக்கட்டும் கருவியும், கணக்குப் போடும் கணினியும், விடாமல் பார்க்கும் ரேடாரும் வேண்டும். ஃபேலங்ஸ் எதிரே வருகிற ஏவுகணையையும் பார்க்கும், தான் சுட்ட குண்டுகள் போகிற வழியையும் பார்க்கும், இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகும். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் பிழைக்கப் போயிருக்கும் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இருக்கிறதல்லவா, ஏகே-630க்கும் மற்ற கப்பல் பீரங்கிகளுக்கும் குறி பார்த்துக் கொடுக்கும் லிங்க்ஸ்-யு2 என்ற கருவியை அவர்கள்தான் செய்கிறார்கள். 2023 மார்ச்சில் 13 கருவிகளுக்கு 1,700 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தமானது.

இவ்வளவு வேகம் மனிதக் கைக்கு வராது. 'அதோ வருகிறது, சுடவா?' என்று கேட்டு, 'சுடு' என்று பதில் வாங்குவதற்குள் கதை முடிந்துவிடும். ஆகவே முழுதும் தானாக இயங்கும்படி விட்டுவிடும் வசதியையும் இதில் வைத்தார்கள். விசையை ஆன் செய்துவிட்டால், வேகமாக நெருங்கி வருகிற எதையும் அதுவே பார்த்து அதுவே சுடும். கைபர் கப்பலின் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தார்கள். அந்த விசையை எப்போது ஆன் செய்வது, எப்போது ஆஃப் செய்வது என்பது புதுக் கஷ்டமாக வந்து உட்கார்ந்தது.

1987 மே 17. ஈரான்–ஈராக் போர் நடக்கும் பாரசீக வளைகுடா. அமெரிக்காவின் ஸ்டார்க் என்ற கப்பல் யாரோடும் சண்டையில் இல்லை. ஈராக் விமானம் ஒன்று வருவதை ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், அப்போது ஈராக் அவர்களுக்கு நட்பு நாடு மாதிரி. அந்த விமானம் இரண்டு எக்சோசெட் ஏவுகணைகளை விட்டது. ஏவுகணை வருவதைக் கண்டது ரேடார் இல்லை, மேல்தளத்தில் காவலுக்கு நின்றவரின் கண். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 37 பேர் இறந்தார்கள். ஃபேலங்ஸ் கப்பலிலேயே இருந்தது. தயார் நிலையில் வைக்கவில்லை, ஒரு குண்டுகூடச் சுடவில்லை. 2006 ஜூலை 14 அன்று லெபனான் கரைக்கு அப்பால் இஸ்ரேலின் ஹனிட் கப்பலிலும் இதே கதை. அந்தப் பக்கத்தில் யாரிடமும் கப்பலைத் தாக்கும் ஏவுகணை இருக்காது என்ற எண்ணத்தில் தற்காப்புக் கருவிகளை இயக்காமல் விட்டிருந்தார்கள். நான்கு பேர் போனார்கள்.

சரி, எப்போதும் ஆன் செய்தே வைத்திருந்தால்? 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். மிசௌரி என்ற பெரிய போர்க்கப்பல், எதிரி ஏவுகணையை ஏமாற்ற வானத்தில் உலோகச் சீவல்களைத் தூவியது. பக்கத்தில் வந்த ஜாரட் கப்பலின் ஃபேலங்ஸ் தானியங்கி நிலையில் இருந்தது. அது அந்தச் சீவல் மேகத்தையே ஏவுகணை என்று எடுத்துக்கொண்டு படபடவென்று சுட, நான்கு குண்டுகள் மிசௌரியில் பாய்ந்தன. நல்லவேளை, யாரும் சாகவில்லை. 1996 ஜூன் 4 அன்று பசிபிக் கடலில் கூட்டுப் பயிற்சி. அமெரிக்க விமானம் ஒன்று நீளக் கயிற்றில் இலக்கைக் கட்டி இழுத்துப் போக, ஜப்பானின் யூகிரி கப்பல் இலக்கைச் சுட வேண்டும். கப்பலின் ஃபேலங்ஸ் விமானத்தையே சுட்டு வீழ்த்திவிட்டது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். கயிற்றின் இந்த முனையில் விமானம், அந்த முனையில் இலக்கு. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

இதெல்லாம் ராணுவக்காரர்களுக்குள் நடந்தது. ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாதவர்கள் உள்ளே வருவது இதற்கப்புறம்தான்.

ஏவுகணை வரும்போது அது ஏவுகணைதான் என்பதிலாவது பெரிய குழப்பம் இல்லை. அந்த வேகத்தில் கடலை ஒட்டி வேறு எதுவும் பறக்காது. சிறு படகு அப்படியா? பெரிய கப்பலை எதிர்க்க வசதியில்லாதவர்கள் கையில் எடுத்த ஆயுதம் வேகப்படகு. ஈரானிடம் அப்படிப் படகுகள் ஏராளம். 1988 ஜூலை 3 அன்று காலை அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பல் ஈரானியப் படகுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பரபரப்புக்கு நடுவே பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்து ஏவுகணையால் வீழ்த்தினார்கள். 290 பேர், அதில் 10 பேர் இந்தியர்கள். ஸ்டார்க் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சுடாமல் விட்டதால் 37 பேர் போனதைப் பார்த்தவர்கள் இப்போது சுட்டுவிட்டு விழித்தார்கள்.

இலங்கைக் கடலில் இது இன்னும் பக்கத்தில் நடந்தது. 1990 ஜூலையில் வல்வெட்டித்துறைக்கு அப்பால் வெடிமருந்து நிரப்பிய புலிகளின் படகு இலங்கைக் கடற்படைக் கப்பல் மீது மோதியது. அதன்பின் பல ஆண்டுகள் கடற்புலிகளின் சிறு படகுகளும், இஸ்ரேலிலிருந்து வாங்கிய இலங்கைக் கடற்படையின் டுவோரா வேகப்படகுகளும் மோதிக்கொண்டன. அந்த டுவோராக்களில் ஆட்டத்தைச் சரிக்கட்டி உள்ளிருந்தே இயக்கும் துப்பாக்கிகள் பின்னர் வந்தன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்த இடுக்கில் ராமேசுவரத்து மீனவரும் மன்னார் மீனவரும் இரவில் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருட்டில் தூரத்தில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் அது யார்? அந்தக் கேள்விக்கு எத்தனை முறை துப்பாக்கியால் பதில் சொல்லப்பட்டது என்று அந்தக் கடற்கரைக் கிராமங்களில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

2000 அக்டோபர் 12. ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு நின்றது அமெரிக்காவின் கோல் கப்பல். ஒரு சின்னப் படகு பக்கத்தில் வந்தது. துறைமுகத்தில் எத்தனையோ படகுகள் வந்து போகும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகு வெடித்தது, 17 மாலுமிகள் இறந்தார்கள். ஏவுகணைக்காக வைத்திருந்த ஃபேலங்ஸால் என்ன பயன்? அதற்குப் பிறகு எந்தப் படகையும் நெருங்க விடாதே என்பது அவர்களின் வழக்கமாயிற்று. மேல்தளங்களில் 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஆட்கள் நின்றார்கள்.

இனி 2012. அந்த ஆண்டை நம் மீனவர்கள் மறக்க மாட்டார்கள். பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள், ஒரு மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதில் இருவர் இறந்தனர். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்த வழக்கு ஒன்பது ஆண்டுகள் இழுத்து, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான்.

ஐந்து மாதம் கழித்து நடந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 2012 ஜூலை 16. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய் வழங்கும் கப்பல் ராப்பஹானக் போய்க்கொண்டிருந்தது. ஈரானோடு உரசல் முற்றியிருந்த நேரம், எந்தப் படகைப் பார்த்தாலும் ஈரான் படகோ என்ற பயம். ஒரு சிறிய மோட்டார் படகு அந்தப் பக்கம் வந்தது. கப்பலில் காவலுக்கு இருந்த குழு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் சுட்டது. படகில் இருந்தவர்கள் ஆறு பேர். இருவர் அந்நாட்டுக்காரர்கள், நால்வர் இந்தியர். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பிழைக்கப் போன ஒருவர் அங்கேயே இறந்தார். மற்ற மூன்று தமிழர்களும் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

எச்சரித்தோம், கேட்காமல் வேகமாக நெருங்கினார்கள் என்றது அமெரிக்கக் கடற்படை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை, கப்பல்தான் எங்கள் பக்கம் வந்தது என்றார்கள் மருத்துவமனையில் இருந்த மீனவர்கள். படகு தன் வழியில்தான் போனது, அதனால் ஆபத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை என்று துபாய் காவல்துறைத் தலைவர் முதற்கட்ட விசாரணைக்குப் பின் சொன்னார். நான் நீதிபதி இல்லை. கப்பல் மேல்தளத்தில் நின்ற பையனுக்கு கோல் கப்பலின் 17 பேர் நினைவுக்கு வந்திருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 12.7 குண்டு பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மனிதனை எதிர்க்கச் செய்ததே இல்லை அது. வண்டி, விமானம், இயந்திரம் இவற்றைத் துளைக்கச் செய்தது. ஃபைபர் படகு அதற்குக் காகிதம் மாதிரி.

துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் என் மாணவர்களே, அந்தப் படகில் இருந்தவர்கள் உங்களைப் போல விசா எடுத்து, கடன் வாங்கி, டிக்கெட் போட்டுப் போனவர்கள். இங்கே பாக் நீரிணையில் சுடுகிறார்கள் என்று பயந்து அங்கே போனவர்களும் அப்படி உண்டு.

இப்போது திருச்சிக்கு வருகிறேன். திருவெறும்பூர் பக்கம் இருக்கும் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை 1960களில் தொடங்கியது. அங்கே இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் பெற்று, கப்பலுக்கான 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றைச் செய்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் கொடுத்தார்கள். சிறு படகுகளைச் சமாளிக்கத்தான் இது. சுடுபவர் வெயிலிலும் அலையிலும் மேல்தளத்தில் நிற்க வேண்டாம், உள்ளே அறையில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். பகலுக்கு ஒரு கேமரா, இரவில் உடல் சூட்டையும் இன்ஜின் சூட்டையும் பார்க்கும் இன்னொரு கேமரா, தூரத்தை அளக்க லேசர். கப்பல் எப்படி ஆடினாலும் குழல் குறியை விடாது.

எனக்கு இதில் ஒரு சின்ன நிம்மதி உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். மேல்தளத்தில் கையில் துப்பாக்கியோடு, கண்ணில் உப்புத்தண்ணீரோடு, பயத்தோடு நிற்பவனைவிட, உள்ளே உட்கார்ந்து திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவனுக்கு ஐந்து நொடி கூடுதலாக யோசிக்கக் கிடைக்கும். தன் உயிருக்கு அந்த நிமிடமே ஆபத்தில்லை என்பதால் அவன் காத்திருக்கவும் முடியும். படகில் இருப்பது வலையா வேறெதுவுமா என்று பார்க்கவும் முடியும். என் மருமகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் பார்த்தால் ஆள் ஆளாகத் தெரிய மாட்டான், விளையாட்டு மாதிரி சுடத்தான் தோன்றும் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் முழுக்க இந்த விவாதம்தான். அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை.

நம் நாட்டில் இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அந்தப் படகின் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலத்துக்கு ஒரு வண்ணம் என்று அடிக்கச் சொன்னார்கள், தூரத்திலிருந்தே எந்த ஊர்ப் படகு என்று தெரிய. மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை கொடுத்தார்கள். ராமேசுவரம் போனால் படகுத்துறையில் அந்த வண்ண வரிசையைப் பாருங்கள், அழகுக்கு அடித்தது இல்லை.

அந்த மாணவருக்கு ஒரு பதில் பாக்கி. 'ராக்கெட் காலத்துல துப்பாக்கி எதுக்கு' என்றீர்களே, 2024 ஜனவரி 30 அன்று செங்கடலில் யேமனிலிருந்து ஹூத்திகள் விட்ட ஏவுகணை ஒன்று மற்ற தடுப்புகளையெல்லாம் தாண்டி, அமெரிக்காவின் கிரேவ்லி கப்பலுக்கு ஒரு மைல் தூரத்துக்குள் வந்துவிட்டது. அதை வீழ்த்தியது ஃபேலங்ஸ்தான். மிச்சமிருந்தது சில நொடிதான். அன்று விசை ஆன் செய்து இருந்தது.

கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்தால், நான் சொன்னதில் தவறு இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திவிடுகிறேன். சொல்லக் கூடாதது எதையும் எழுத வேண்டாம். ராமநாதபுரம் பக்கம் ஆசிரியராக இருக்கும் நம் 1994 செட் மாணவிக்கு ஒரு வேலை: அந்த 2012 மீனவரின் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து எனக்குத் தனியாகச் சொல்லம்மா, இங்கே போட வேண்டாம்.